நான்கு பெயர்களில் ஒரு வீடு

இது நடந்த வரிசை என் நினைவில் சரியாக இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. தூண் முதலில் வந்ததா, குளியலறை முதலில் வந்ததா என்று கேட்டால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆனால் லிஃப்ட்காரர் வெளிநாட்டில் வாங்கிய ஒன்பதாம் மாடி வீடு, பணம் கட்டக் கட்ட, துண்டு துண்டாக மூன்று வீடுகளுக்கு வந்து சேர்ந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அவருக்குக் கிடைத்தது ஒரு கான்கிரீட் தூண். அவருடைய அக்காவுக்குக் குளியலறை. அவர் மனைவியின் தம்பிக்கு, அகலமான ஜன்னலோடு ஒரு கூடம்.

லிஃப்ட்காரர் தலை நரைக்கும்வரை மற்றவர்களின் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். நகக்கண்ணில் போகாத கிரீஸ், அதிகம் பேசாத வாய். பேசினால் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு மேலே இருப்பவனிடம் சொல்வதுபோல் இருக்கும். குடியிருந்தது தரைத்தளத்தில், இரண்டு அறை வாடகை வீட்டில். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிப்பவள். ஒரே மகள் கடல் கடந்து போய், படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அவளுடைய அனுமதிக் காலம் முடிந்தபோது வேலை கொடுத்தவர்கள் புதுப்பித்துத் தரவில்லை. பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தகப்பன் என்று ஒருவன் இருந்தான், பிறகு இல்லை. அந்தக் குழந்தைக்கு எந்த நாட்டுக் காகிதமும் கிடையாது. காகிதம் இல்லாத குழந்தை விமானம் ஏற முடியாது. குழந்தையை விட்டுவிட்டு மகள் ஏற மாட்டாள். அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. அங்கே வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கும் அவர் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் வசிக்கும் உரிமை உண்டு. வெளிநாட்டுக்காரர் மண்ணை வாங்கக் கூடாது, மாடி வாங்கலாம். மகள் வேலை செய்த வீட்டுக்கு நேர் எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒன்பதாம் மாடியில் ஒரு சிறிய வீட்டின் விலை, லிஃப்ட்காரரின் ஓய்வுப் பணத்துக்கும் அவர் மனைவியின் நகைக்கும் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது.

"ஊரையே மேல ஏத்தி இறக்கியாச்சு, நமக்கும் ஒரு மாடி இருக்கட்டுமே" என்றார் அவர்.

"லிஃப்ட் நின்னு போச்சுன்னா?" என்றாள் மனைவி.

"நான் இருக்கேன்ல."

அந்த வருடம் அவர்கள் பேசிக்கொண்ட மிக நீண்ட பேச்சு அதுதான்.

வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருந்த பெண், ஓர் ஆள் ஒரு வருடத்தில் இவ்வளவுதான் வெளியே அனுப்பலாம் என்றாள். தவணைகள் அதைவிடப் பெரியவை, வருடம் முடியும்வரை காத்திருப்பவையும் அல்ல. லிஃப்ட்காரர் பேசாமல் நின்றுகொண்டே இருந்ததால் அவளே இரக்கப்பட்டு, "வீட்டுல வேற ஆளே இல்லையா சார்? சொந்தக்காரங்க பேர்ல அனுப்புங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது உண்மை. அவர்களுக்கெல்லாம் என்ன வந்து சேர்ந்தது என்று நான் விசாரித்ததில்லை. லிஃப்ட்காரரின் அக்கா, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவியின் தம்பி பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகன், கமிஷன் என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் எங்களுக்கு அடையாளம் தெரியும். அவன் எல்லாத் தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். கமிஷன் வாங்காமல் செய்த ஒரே காரியம் இது என்று பிறகு ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் தவணை அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும் என்று போட்டிருந்தது. லிஃப்ட்காரர் பெயரில் பணம் போய்ச் சேர்ந்த மறுநாள், அவர்கள் படுக்கும் அறையின் நடுவில், தரையைக் கீறாமல், கூரையை இடிக்காமல் ஒரு கான்கிரீட் தூண் நின்றது. பூசாத தூண், பலகை பிரித்த தடம்கூட இருந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, காலி செய்யும்போது எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகப் படுத்தார்கள்.

அடுத்த தவணை குழாய் வேலைக்கு. அது அக்காவின் பெயரில் போனது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஆயுள் முழுவதும் குடத்தோடு ஓடிய அக்காவின் வீட்டுப் பின்கட்டில், வெள்ளை ஓடு பதித்த குளியலறை ஒன்று இருந்தது. குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று அக்கா கேட்கவில்லை. "முட்டி வலிக்கு ரொம்ப இதமா இருக்குடா" என்று மட்டும் லிஃப்ட்காரருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வீட்டுக்குக் குளிக்கப் போனவர்கள், தண்ணீரில் லேசாக உப்பு கரிக்கிறது என்றார்கள்.

மூன்றாவது தவணை சுவருக்கும் கண்ணாடிக்கும். கமிஷன் வீட்டில், காய்கறிக் கூடையும் பழைய டயர்களும் கிடந்த இடத்தில் கூடம் விரிந்தது. அதன் ஒரு சுவர் முழுக்க ஜன்னல். வெளியே போய்ப் பார்த்தால் அங்கே வெறும் பூச்சுச் சுவர்தான். உள்ளே நின்று பார்த்தால் வேறொரு நகரம், ஒன்பது மாடிக்குக் கீழே. எங்களுக்குப் பிற்பகலாக இருக்கும்போது அங்கே காலை வெயில் அடித்தது. லிஃப்ட்காரர் மனைவி நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கீழே பார்த்தாள். எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பக்கத்தில் ஒரு சின்ன உருவம். நடையைப் பார்த்தே மகள் என்று சொல்லிவிட்டாள். ஆனால் மேலிருந்து பார்ப்பதால் முகம் தெரியவில்லை. மகளின் வகிடும், குழந்தையின் வகிடும்தான் தெரிந்தன. மகள் படம் அனுப்புவதில்லை, பிடிபட்டால் படமே சாட்சியாகிவிடும் என்று யாரோ அவளை மிரட்டியிருந்தார்கள். ஆகவே ஒரு வருடத்துக்கு மேல், பேத்தி என்றால் பாட்டிக்கு ஒரு வகிடுதான். அது இடது பக்கமாகச் சற்றுக் கோணும்.

தினமும் வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். பேச மாட்டாள், தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள். தம்பி மனைவி அவளைச் சுற்றித் தரை துடைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் மகள் தெருவில் நிற்கும்போதே போனில் பிடித்தாள்.

"கொஞ்சம் மேல பாருடி."

"எங்கம்மா?"

"எதிர்ல இருக்கற கட்டடம். நம்ம வீடு. ஒன்பதாவது மாடி."

மகள் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். குழந்தையும் பார்த்தது. பாட்டி பேத்தியின் முகத்தை முதல் முறை பார்த்தது அப்போதுதான். அதனால் மகள் அடுத்துச் சொன்னது அவள் காதில் விழ நேரமாயிற்று.

"ஒன்பதாவது மாடியே இல்லம்மா. ஆறோட நிறுத்திட்டாங்க. வேலை நின்னு ரொம்ப நாளாச்சு, வாட்ச்மேன்கூட இல்ல. நீ மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல."

விஷயம் இவ்வளவுதான். வீட்டை விற்ற கம்பெனி கட்டாத மாடிக்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே வராத அறைகள்தான் இங்கே வந்திருந்தன. பணம் கட்டிய அறை எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். இல்லாத மாடிக்கு அந்த நாடு உரிமைக் காகிதம் தராது என்பதும் புரிந்துவிட்டது. லிஃப்ட்காரர் அன்று மாலை முழுவதும் ஜன்னல் முன் நின்று கீழே பார்த்தார், தலையைச் சாய்த்து, ஒரு குழியின் ஆழத்தைப் பார்ப்பதுபோல. பிறகு, "ஜன்னல் திறந்தாப் போதும். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த நாள் பழைய சகாக்களிடமிருந்து ஒன்பது மாடிக்குப் போதுமான கம்பிவடமும் கப்பியும், இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு தொட்டிலும் கொண்டுவந்து கமிஷன் வீட்டுக் கூடத்தில் போட்டார்.

ஆனால் ஜன்னலுக்குக் கைப்பிடி இல்லை. கைப்பிடி, தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் கடைசித் தவணையில் வரவேண்டியவை. சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள், கீறல்கூட விழவில்லை. நல்ல கண்ணாடி, அதற்குத்தான் அவ்வளவு காசு வாங்கியிருந்தார்கள். ஆக, ஏமாற்றுகிற கம்பெனி என்று தெரிந்தே கடைசித் தவணையையும் அனுப்புவது என்று முடிவாயிற்று. மிச்சமிருந்தது நகைதான். அதை விற்றார்கள்.

இந்த இடத்தில்தான் கமிஷன் அந்த வார்த்தையைச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூடம் முழுக்கக் கம்பிவடம், சாப்பிட உட்கார இடமில்லை, அவன் மனைவி காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். லிஃப்ட்காரர் மனைவி வழக்கம்போல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்ததும், சிரித்துக்கொண்டே, "சினிமாவுக்குன்னா டிக்கெட் வாங்கியிருப்பேன்க்கா" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் தன் நெற்றி பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள். எழுந்து போய்விட்டாள்.

வங்கிக்கு அவள் தனியாகப் போனாள். யார் பெயரில் அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். தம்பி பெயரில் புது வருடத்துக்கு அனுப்பக்கூடிய அளவு அப்போது அப்படியே மிச்சம் இருந்தது. அவனிடம் ஒரு கையெழுத்து கேட்டிருந்தால் போதும். "என் பேர்லயே" என்றாள் லிஃப்ட்காரர் மனைவி. ஜன்னலுக்கு உரிய கைப்பிடி ஜன்னலுக்குத்தானே போகும் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னாள். அப்படி நினைத்திருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். பணம் யார் பெயரில் போகிறதோ அவர் வீட்டுக்குத்தான் பொருள் வரும்; தூணைச் சுற்றி நடந்து கால் மரத்தவள் அவள். கணவர், அவள் தம்பியிடம் கேட்டிருப்பாள் என்று இருந்துவிட்டார். இருவருக்கும் நடுவில் தூண் இருந்தது, பேச்சு இல்லை.

பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அது மட்டும் எப்போதும் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் காலையில் தூணில் கைப்பிடிகள் முளைத்திருந்தன. பளபளக்கும் எஃகுக் கைப்பிடிகள், தாழ்ப்பாள்கள், கீல்கள், சாவியோடு கூடிய பூட்டுகள், தூணின் நான்கு பக்கமும். ஜன்னலுக்கு உரியது எது என்று லிஃப்ட்காரருக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவர் ஒரு வாரம் அதைக் கழற்றப் பார்த்தார். எல்லா அளவுத் திருப்புளியும் வைத்துப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துத் திருப்பினார். மிக இலேசாகத் திரும்பியது. ஒன்றும் திறக்கவில்லை.

கமிஷன் விஷயம் கேள்விப்பட்டு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, அந்தக் கைப்பிடியைத் தானும் ஒரு முறை திருப்பிப் பார்த்தான்.

"என் பேர்ல அனுப்பியிருக்கலாமேக்கா."

அவள் தூணைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"கேக்கத் தோணலடா" என்றாள்.

அனுப்புவதற்கு இனி யாரிடமும் எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து கமிஷன் வீட்டுக் கதவு பிற்பகலில் தாழிடப்படுவதில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலியும் அதன்மேல் ஒரு தலையணையும் இருந்தன, அவற்றைப் போட்டது தம்பி மனைவி. கீழே மகள் தினமும் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு, ஆறாம் மாடிக்கு மேலே வெறும் வானத்தைப் பார்ப்பாள். குழந்தையின் மோவாயைப் பிடித்து அதன் முகத்தையும் மேலே உயர்த்திக் காட்டுவாள். குழந்தைக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததால் பறவைகளைப் பார்க்கும். பல் விழுந்தது, முளைத்தது. பிறகு மோவாயைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே அண்ணாந்தது. பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது, போனது. பள்ளிக்கூடத்துக்கும் காகிதம் வேண்டும்.

ஒரு நாள் மகள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போன் எடுக்கப்படவில்லை, பிறகு அந்த எண்ணே இல்லை என்றது. பல மாதம் கழித்துப் பேத்தி மட்டும் வந்தாள், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. அதே கிழவரா வேறு கிழவரா என்று மேலிருந்து சொல்ல முடியவில்லை. நிறுத்தினாள், அண்ணாந்து பார்த்தாள், போனாள். கூப்பிட்டுக் கேட்கக் கண்ணாடி திறக்காது. அம்மா எங்கே என்பது இன்றுவரை இங்கே யாருக்கும் தெரியாது.

அதன்பின் ஆனது இது. அந்தக் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊரில் மாடி விற்கிறது. லிஃப்ட்காரரின் அக்கா ஒரு நாள் வெந்நீரில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார், முகத்தில் வலி இல்லை. அவர் வீட்டுக்கு இப்போது தெருவிலேயே அதிக வாடகை. லிஃப்ட்காரர் மார்புச் சளியில் போனார். கம்பிவடத்தை அவர் கடைசிவரை எண்ணெய் போட்டுச் சுருட்டி வைத்திருந்தார். அவர் மனைவி அதற்கப்புறம் நான்கு வருடம் இருந்தாள், ஜன்னலோர நாற்காலியில், நெற்றி கண்ணாடியில் சாய்ந்தபடி. அவர்களுடைய இரண்டு அறைக்குப் புதிதாக வந்த குடும்பம் தூணின் கைப்பிடிகளில் பைகளையும் குடைகளையும் மாட்டி வைத்திருக்கிறது, வசதியாக இருக்கிறதாம். கமிஷன் தொழிலை விட்டுவிட்டான், கண்ணில் புரை. ஆனாலும் பிற்பகலானால் தன் அக்காவின் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். கீழே பேத்தி வளர்ந்துவிட்டாள். அந்த இடம் வந்ததும் நின்று ஒரு முறை மேலே பார்த்துவிட்டுத்தான் போகிறாள். அவள் பார்க்கும்போது யாராவது இருக்க வேண்டும் அல்லவா என்கிறான் கமிஷன்.