பதினோராம் படியின் விளக்கு

“அம்மா, சாயங்காலம் ஆனா கீழ்வீட்டுப் பெரியம்மாவோட மெஷின் ஏன் கொஞ்ச நேரம் நின்னு போகுது?” என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

“நூல் மாத்துவாங்கடி” என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள்.

தெருவிளக்குகளைத் தானாக எரியவைக்கும் கருவிகளை வடிவமைப்பது அம்மாவின் உத்தியோகம். ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பியபோதுதான் விஷயம் விளங்கியது. கீழ்வீட்டுத் தையற்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் முழங்காலை இழுத்து இழுத்து, பதினோராம் படியிலிருந்த ஸ்விட்சைப் போட ஏறிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா இது?”

“உன் பொண்ணு பாடம் முடிச்சு வர்ற நேரம். இருட்டுல விழுந்து வெச்சா?”

ஆறு வருஷமாக அந்த விளக்கு எரிகிறது. ஊர் விளக்கையெல்லாம் கவனிக்கிறவள், தன் வீட்டுப் படி விளக்கை யார் போடுகிறார்கள் என்று கேட்டதேயில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி நானே போடுகிறேன் என்று சொல்லவும் வழியில்லை. வாரநாளில் அந்நேரம் அவள் வேலையில் இருப்பாள்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிச் சில்லும் ஒளி உணரியும் வைத்துக் கருவி செய்தாள். தன் வீட்டு விளக்கு ஒன்றில் மாட்டிப் பார்த்தால் அது கண்ணடித்தது. எரிந்ததும் உணரி அந்த வெளிச்சத்தையே பார்த்து, விடிந்துவிட்டதென்று அணைத்தது. அணைந்ததும் இருட்டென்று மறுபடி எரியவிட்டது. எரிய ஒரு வெளிச்ச அளவு, அணைய அதைவிடக் கூடுதலாக ஓர் அளவு என்று நிரலை மாற்றினாள். அப்போதும் அடங்கவில்லை. உணரி வானத்தை மட்டும் பார்க்க ஒரு குழல் வேண்டும்.

“அக்கா, காலி நூல் ரீல் ஒண்ணு இருக்கா? ஒரு வேலைக்கு வேணும்.”

“இவ்வளவு படிச்சு, கடைசியில எங்கிட்டதான் வந்து நிக்கிறே” என்று சிரித்து, மூன்றாக எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு மதியம் தையற்காரம்மா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தபோது, கறுப்பு டேப் சுற்றிய ரீலை உணரிக்கு மேல் செருகி, படிக்கட்டுச் சாளரத்தில் வானம் பார்க்கப் பொருத்தினாள்.

பொழுது சாய்ந்தது. மேலே துணி மடித்துக்கொண்டிருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டாள். கீழே மெஷின் நின்றது. நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. படியில் காலடி கேட்கவில்லை. சற்றுநேரம் கழித்து மெஷின் மறுபடி ஓடியது.

அவள் தனியே கைகூப்பினாள்.

மறுநாள் காலை தையற்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “லைட்டு தானா எரியுதுடி. வீட்டுக்காரருக்கு நல்ல புத்தி வந்திருக்கு, பாத்தியா?”

“ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.