தலைவருக்கு ஓட்டுக் கேட்டவள்

வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே சாந்தினி சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். போன தேர்தலில் பிரதமரின் கட்சிக்காக தான் குடியிருக்கும் சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள்தான். "இவரு வந்தா வேலைக்குப் பஞ்சமே இருக்காது" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சனமும் நம்பி ஓட்டுப் போட்டது.

அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றுபோய், பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைகள் ஆள் குறைக்க ஆரம்பித்தன. பிரதமரோ சிக்கனம் என்று சொல்லி டீசல் எண்ணெய் மானியத்தில் கை வைத்தார், விலை ஏறியது. துறைமுகத்தில் லாரி ஓட்டும் அவள் கணவன் தயாளனே, "உன் தலைவரு நல்லா செஞ்சாரு" என்று தினமும் குத்திக் காட்டினான். தலைவர் எங்கோ தூரத்தில், அரசாங்கம் நடக்கும் புத்ராஜெயாவில் இருந்தார். திட்டு வாங்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் சாந்தினி. லிப்டில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் படியேறிப் போய்வரத் தொடங்கினாள்.

அந்தப் படியிலேயே ஒருநாள் எதிர்வீட்டு ருக்கையா வழிமறித்தாள். கணவனை இழந்தவள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அவள் வாங்கும் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"ஏங்க்கா, என்னைப் பாத்தா ஓடுறீங்க?"

"வெக்கமா இருக்கு லா. நான்தானே உன்னை ஓட்டுப் போடச் சொன்னேன்."

"நான் திட்ட வரலக்கா. வேலைய விட்டு ஆள நிறுத்தாத கம்பெனிக்குப் பாதிச் சம்பளத்தை கவர்மெண்ட் கொடுக்கும்னு பிரதமர் டிவியில சொன்னாருல்ல? எங்க பாஸ் அதுல சேர மாட்டேங்குறாரு. ஆள அனுப்புறதுதான் அவருக்கு லேசாம். மாசக் கடைசியில நாங்க வேலை செய்யிற லைனையே மூடப் போறாங்க."

சாந்தினி கையிலிருந்த பையைப் படியில் இறக்கி வைத்தாள். திட்டம் அறிவித்த அன்று அவளும் கைதட்டியவள்தான். அதில் சேருவதும் சேராததும் முதலாளியின் இஷ்டம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கெழம ஜெலுத்தோங் மண்டபத்துல கட்சிக் கூட்டம், துணையமைச்சர் வர்றாரு. நீயும் வா" என்றாள்.

மண்டபத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் தலைவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். சாந்தினி பொறுத்துப் பார்த்தாள். மைக் தன் பக்கம் வராது என்று தெரிந்ததும் இருந்த இடத்திலேயே எழுந்து, துணையமைச்சரைப் பார்த்து மலாயில் உரக்கப் பேசினாள்.

"டத்தோ, திட்டம் நல்ல திட்டம்தான். ஆனா முதலாளி வேணாம்னு சொல்லிட்டா அது யாருக்கு? கம்பெனிக்கு வரிச் சலுகை கொடுக்கிறீங்க, ஆள நிறுத்தாதேன்னு சொல்ல முடியாதா? பிரதமர் பேரைச் சொல்லி வீடு வீடாப் போனது நாங்க. இப்போ அதே வாசல்ல நாங்க எப்படிப் போய் நிக்கிறது?"

கட்சியின் கிளைத் தலைவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. பக்கத்தில் ருக்கையாவும் எழுந்து, தன் கம்பெனி நிலைமையைச் சொன்னாள். பின்வரிசைகளில் இருந்து, "எங்க கம்பெனியிலயும் அதான்!" என்று குரல்கள் கிளம்பின. துணையமைச்சரின் முகம் சுருங்கியது. ஆனாலும் பக்கத்திலிருந்த அதிகாரியிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

அதற்குப்பின் கிளைக் கூட்டத்துக்கு யாரும் சாந்தினியைக் கூப்பிடவில்லை. போனால் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாதம் முடியுமுன் புது அறிவிப்பு வந்தது. ஆட்களை வேலையைவிட்டு அனுப்பும் கம்பெனிகளுக்கு வரிச் சலுகை இல்லை என்றார் பிரதமர். இந்தக் கேள்வியைப் பல ஊர்களில் பலரும் கேட்டிருந்தார்கள். யார் கேட்டது அவர் காதில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுவாரம் ஒரு காலையில் ருக்கையா நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"அக்கா! பாஸ் அந்தத் திட்டத்துல சேந்துட்டாரு, லைன மூடலக்கா! வாரத்துல நாலு நாள் வேலை. யாரையும் நிறுத்தல!"

சாந்தினி வாசலுக்கு ஓடினாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. அன்று வீட்டிலிருந்த தயாளன் கதவோரம் நின்று பார்த்தான்.

"அப்போ உன் தலைவரு நல்லவருதானா?"

"அதெல்லாம் நான் என்னத்தைக் கண்டேன்? இந்த ஒண்ணை ஒழுங்கா செஞ்சாரு. எண்ணெய் விலைக்கு நீங்க திட்டுங்க, நானும் சேந்து திட்டுறேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தயாளன் சிரித்துவிட்டான். ருக்கையாவை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கலக்கப் போனான். சாந்தினிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகப் பசித்தது. மத்தியானம் ரசத்துக்கு இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.