வலது கண்

இப்போதெல்லாம் எதிரில் நிற்கிற ஆளை எவனும் பார்ப்பதில்லை. பேர் சொன்னால் திரையைப் பார்க்கிறான். நான் முப்பது வருஷம் மில் வாசலில் வாட்ச்மேனாக நின்றவன். முகத்தைப் பார்க்காமல் ஒரு ஈ காக்கையை உள்ளே விட்டதில்லை.

கண் ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வரும்போது மணி பதினொன்று. என் மனைவிக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது; இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இதுவும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடையாள அட்டை இருந்தால் இலவசம். கவுண்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டினாள்.

"பாட்டிக்கு வலது கண் ஆபரேஷன் போன வருஷமே முடிஞ்சிருச்சே தாத்தா."

"முடிஞ்சிருந்தா இவ ஏம்மா என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா?"

"சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு. ஒரு கண்ணுக்கு ஒரு தடவைதான் விடும்."

திரையைத் திருப்பச் சொன்னேன். பேர் என் மனைவி பேர். விலாசம் எங்கள் விலாசம். படத்தில் மட்டும் வேறு எவளோ ஒருத்தி, நெற்றியில் தழும்போடு. போன் நம்பரும் எங்களுடையதில்லை.

"அட்டை நகல் யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். பெற்ற மகன் கேட்டாலும் கையில் தரமாட்டேன். ஆனால் ஒரு தடவை நகல் எடுக்கிற கடையில் மெஷின் கோணலாக இழுத்த தாள்களை, ஆகாது என்று நானே அங்கிருந்த கூடையில் போட்டுவிட்டு வந்தேன். மூன்றோ நாலோ. வெறும் காகிதம்தானே.

"இல்லை" என்றேன்.

"ஏங்க, அவளுக்குப் பார்வை வந்துருச்சாமா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு."

"கேட்டுத்தான் சொல்லுங்களேன்."

"நல்லாத் தெரியுதுன்னு போட்டிருக்கு பாட்டி" என்றாள் கவுண்டர்ப் பெண்.

மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள்.

அந்தப் பெண் புகார் எழுதிக்கொண்டாள். "சரி பண்ணிடுவாங்க தாத்தா. மெசேஜ் வரும்."

"எந்த நம்பருக்கு?"

"இதுல இருக்கிற நம்பருக்கு."

"அது அவ நம்பராச்சே."

"நம்பர மாத்தவும் எழுதியிருக்கேன். ஆனா அதுக்கும் இந்த நம்பருக்குத்தான் ஓடிபி கோட் வரும்…" கொஞ்சம் நிறுத்தினாள். "மேல பாத்துப்பாங்க. நம்புங்க தாத்தா."

அட்டையை வாங்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து, "கண்டிப்பா வரும்" என்றாள். நான் திரும்பவில்லை.

வாசல் படியில், "இன்னும் எத்தனை?" என்றாள் மனைவி.

"மூணு."

நாலு இருந்தது. தரை என்று அவள் கால் வைத்த இடத்தில் தரை இல்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நடந்தோம்.