கோட்டுக்கு மேல் எடுத்த அளவு

"சுடப்போறது யாரு?" என்று கேட்டார் துப்பாக்கி ரிப்பேர்க்காரர்.

"நான்தான்" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும்" என்றான் அவள் கணவன், அதே மூச்சில்.

ரிப்பேர்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருவரையும் பார்த்தார். கணவன் கடை வாசலில் குனிந்து நுழைந்த ஆள். அவள் அவன் நெஞ்சுக்குத்தான் வருவாள். மேசையில் விரித்த துணியின்மேல் அவர்களுடைய ரைபிள் கிடந்தது. தோளில் பதிகிற அதன் பின்கட்டை, ஆளுக்குத் தகுந்தபடி உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் வருகிற வகை. அடியில் வரிசையாகத் துளைகள். எந்தத் துளையில் விடுகிறோமோ அங்கே பூட்டிக்கொள்ளும்.

"ஒட்டகத்துக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே சட்டையா? நல்ல குடும்பம்" என்றார். "இதுல என்ன குறை? நல்ல கட்டைதானே."

"இது வேண்டாம். அசையாத கட்டையா, குட்டையா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"குறை ஒண்ணும் இல்ல" என்றான் கணவன். "இவளுக்கு ஒரு பிடிவாதம்."

போன வாரம் அவள் இதைச் சொன்னபோதும் அவன் ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று குடைகிறவன் அன்றைக்குக் கேட்கவில்லை. அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

சோளக்காட்டுக்குப் பன்றி வந்தால் சுடுவது முன்பெல்லாம் அவன் வேலை. காய்ச்சலில் படுத்து எழுந்தபிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. தேநீர்க் குவளையைத் தூக்கினால் பாதி தட்டில் இருக்கும். துப்பாக்கி அவள் கைக்கு வந்தது. அவனே வாங்கிப் போட்ட கட்டைதான் இது. அவளுக்கு உள்ளே தள்ளிக்கொள்ளலாம், கை சரியானதும் தனக்கு வெளியே இழுத்துக்கொள்ளலாம் என்று.

போன வாரம், பனி விலகாத காலையில், கொழுந்தன் தகரத்தைத் தட்டிக்கொண்டு சோளத்துக்குள்ளிருந்து வந்தான். பன்றி அவனுக்கு முன்னால் வெளியே பாய்ந்தது. அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். கட்டை தோளுக்கு வரவில்லை. அக்குளில், போட்டிருந்த பஞ்சுக் கோட்டின் மடிப்பில் மாட்டிக்கொண்டது. குழல் சரிந்தது, விரல் விசையில் இருந்தது. குண்டு கொழுந்தனின் காலடியில் மண்ணைக் கிளப்பியது.

முகத்தில் தெறித்த மண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணி, எனக்கு சின்னப் பிள்ளைங்க இருக்கு."

கால் வழுக்கிவிட்டது என்று அவள் சொன்னாள். அப்போது அவளும் அதைத்தான் நம்பினாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கட்டை முழுக்க வெளியே இழுபட்டு, கடைசித் துளையில் நின்றது. அது அவளுடைய துளை இல்லை.

அன்றிலிருந்து கொழுந்தன் காட்டுப்பக்கம் வரவில்லை. விரட்டிவிட ஆள் இல்லாமல் அவள் ஒருத்தி என்ன செய்வாள்? நாலு வரிசைச் சோளம் போய்விட்டது. அதைவிட, வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ரிப்பேர்க்காரர் கட்டையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அம்மா, உங்க துளை எது?"

"உள்ள இருந்து ரெண்டாவது."

"இங்க பாருங்க. கடைசித் துளையிலதான் பூச்சு தேஞ்சு பளபளன்னு இருக்கு. யாரோ தினமும் இழுத்து விட்டிருக்காங்க."

கணவன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"துடைக்கும்போது நான் இழுத்திருப்பேன்" என்றாள் அவள்.

"துடைக்கிறதுக்கு எதுக்கு இழுக்கணும்?"

"நீங்க ரிப்பேர் பண்ற ஆளா, போலீஸா?"

அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு குட்டைக் கட்டை இருந்தது. கருப்பு, வழவழப்பு, நகரும் பாகம் எதுவும் கிடையாது.

"இது இடி விழுந்தாலும் ஒரு நூல் நகராது. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், நெட்டை ஆளுக்கு ஆகாது. சொந்தக் கட்டைவிரலே மூக்குல இடிக்கும்."

"அப்ப என் கை சரியானா?" என்றான் கணவன்.

"சரியானா வாங்க, வேற போட்டுக்கலாம். ஆனா துப்பாக்கி ஒரு நேரத்துல ஒரு தோளுக்குத்தான் அண்ணே."

"எதுக்குச் செலவு? அவ தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை துளையைப் பார்த்துக்கிட்டா முடிஞ்சது."

"பன்னிகிட்ட கொஞ்சம் நில்லுன்னு சொல்லிட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள்.

ரிப்பேர்க்காரர் குட்டைக் கட்டையைப் பொருத்தித் திருகினார். அவளை நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொன்னார். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, அவள் ஆள்காட்டி விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்த்தார். தொட்டது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"அளவு தப்பு" என்றான் கணவன்.

"இந்த மேசையிலேயே தலை நரைச்சவன் நான்."

"நீங்க கடைக்குள்ள நிக்கவெச்சு அளக்கறீங்க. இவ சுடறது பனியில."

அவன் தன் பஞ்சுக் கோட்டைக் கழற்றத் தொடங்கினான். மேல் பொத்தான் வரவில்லை. விரல்கள் அதைச் சுற்றியே தடுமாறின. அவள் உதவப் போகவில்லை. போனால் அவனுக்குப் பிடிக்காது. ரிப்பேர்க்காரர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். கடைசியில் கோட்டு கழன்றது. அவன் அதை அவள் தோளில் போட்டான்.

"காலையில இதைத்தான் எடுத்து மாட்டிக்கிட்டுப் போவா. பாருங்க, தோள்ல ரெண்டு மடிப்பு விழுது. இப்பத் தூக்கு."

சுவரைப் பார்த்துத் தூக்கினாள். குட்டைக் கட்டையும் அக்குள் மடிப்பில் ஒரு கணம் மாட்டியது. குழல் சரிந்து, ரிப்பேர்க்காரரின் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் தரையைக் காட்டியது. குண்டு இல்லாத துப்பாக்கிதான். ஆனாலும் அவர் காலை இழுத்துக்கொண்டார்.

கணவன் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் காட்டில் இல்லை. இப்போதுதான் பார்க்கிறான்.

"இன்னும் குறைக்கணும்" என்றான். "எவ்வளவு முடியுமோ குறைங்க."

கட்டையின் முனையில், தோளில் பதிகிற தடித்த ரப்பரை எடுத்துவிட்டு, மாட்டாதபடி ஓரம் மழுக்கிய மெல்லிய ரப்பரை வைத்தார் ரிப்பேர்க்காரர். அவள் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள். கட்டை கோட்டின்மேல் வழுக்கிக்கொண்டு தோளில் போய் உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தாள். குறி நேராக நின்றது. மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் அங்கேயே.

"எங்கிட்ட குடு" என்றான் கணவன். இடது கையால் வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தான். "மூக்குல இடிக்குது."

"இடிக்கட்டும்" என்றாள்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். கழற்றிய பழைய கட்டை அவன் மடியில் இருந்தது. பெரிய சாலையிலிருந்து ஊர்ப்பாதைக்குத் திருப்பினாள்.

"தினமுமா?" என்று கேட்டாள்.

"நீ வெளியே போனப்புறம். குண்டு இல்லாமத்தான். நடுக்கம் குறைஞ்சிருக்கான்னு பார்க்க."

"பார்த்துட்டுத் தள்ளி வெக்கக்கூடாதா?"

"எப்பவும் தள்ளித்தான் வெப்பேன்."

"அப்ப அன்னிக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "அதுக்கு முந்தின நாள் கை நடுங்கல. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தேன், நடுங்கவே இல்ல. அந்தச் சந்தோஷத்துல அப்படியே கொண்டுபோய் பெட்டியில வெச்சுட்டேன்."

அவளுக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். உங்க தம்பி என்னைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்க்கறார்."

"கால் வழுக்கிடுச்சுன்னு நீதானே சொன்னே."

"அதனால?"

"அப்படியே போகட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் கழித்து, "அவன் வீட்டுப் பக்கம் விடு" என்றான்.

கொழுந்தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். கணவன் இடது கையால் வண்டிக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

"நீ வரலையா?"

"நான் வந்தா, பொண்டாட்டி சொல்லச் சொல்லி நீங்க சொல்றீங்கன்னு நினைப்பார். போங்க."

அவன் பழைய கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். கொழுந்தன் கதவைத் திறந்தான். அண்ணனைப் பார்த்தான், பிறகு அவன் தோளுக்கு மேலாக வண்டியில் இருந்த அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. கணவன் கட்டையைக் கையில் எடுத்து வெளியே இழுப்பது மட்டும் தெரிந்தது. கை நடுங்கியது. கடைசித் துளை சிக்கவில்லை. தாண்டிப் போனது, திரும்ப வந்தது. கொழுந்தன் உதவக் கை நீட்டினான். அண்ணன் தலையசைத்து மறுத்துவிட்டு மறுபடியும் இழுத்தான்.

டக்கென்று அது பூட்டிக்கொண்டது வண்டியிலிருந்தே தெரிந்தது.

கொழுந்தன் அந்த நீளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து தன் காலடியைப் பார்த்தான். அவள் வண்டியை அணைக்காமல் காத்திருந்தாள்.