இருபத்தொன்பது வருடம் படித்த வீடு

"இருபத்தொன்பது வருஷமா? அப்படி யாருங்க படிச்சது?"

"யாரோ ஒருத்தர் இல்ல மேடம். எல்லாரும் சேர்ந்து."

கணக்கெடுக்க வந்தவள் படிவத்தை மறுபடியும் பார்த்தாள். 'வீட்டின் கல்வி: எத்தனை ஆண்டுகள்' என்ற கட்டத்துக்குள் 29 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டில் அதிகம் படித்தவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதுதான் கேள்வி. இருபத்துநான்கைத் தாண்டிய எண்ணை அலுவலகக் கணினி விழுங்காது, துப்பிவிடும். அப்படித் துப்பியதைத் திருத்திவரத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். ஐந்து மணிக்குள் இந்த வட்டாரத்தின் கணக்கை மூடியாக வேண்டும்.

"கூட்டிட்டீங்களா?"

"கூட்டாம? நான் அஞ்சு, இவ எட்டு, கடைசித் தங்கச்சி சின்னவ பதினாறு. தப்பிருந்தா என் காதை அறுத்துக்கறேன்" என்றார் சைக்கிள் கடைக்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. கையில் பஞ்சரான டியூப் மாலை மாதிரி தொங்கியது.

"உன் காதை வெச்சு நாங்க என்ன பண்றது?" தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. "வகுத்தல் பாடத்தோட ஓடி வந்த ஆளு மேடம். கூட்டத்தான் தெரியும். இவர்கிட்ட ஃபாரத்தைக் குடுத்தது உங்க தப்பு."

"நீ வாயை மூடிக்கிட்டு காஜா எடு."

கணக்கெடுப்பவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளில் இங்கேதான் அவளை உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

"சின்னவ தனியாவா படிச்சா, சொல்லுங்க?" என்று அண்ணன் விடவில்லை. "அப்பா அம்மா போனதும் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னேன். அப்புறம் இவ நின்னா. சின்னவ அதோ, அந்த டயர் அடுக்கு மேல உக்காந்து சத்தம் போட்டுப் படிப்பா. நான் இங்க கம்பி முறுக்கிக்கிட்டே கேப்பேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்... இருபது வரைக்கும் சொல்லுவேன். அது எதுக்கு ஆகும்னு மட்டும் கேக்காதீங்க."

"அவளோட தவளைப் படம் பூரா நான் வரைஞ்சது" என்றாள் தங்கை. "ஜாக்கெட் அளவு வரையற கை. மூணு பக்கத்துலயும் 'மிக நன்று' போட்டாங்க. எனக்குப் போட்டது அது."

"சரி, சின்னவங்க இப்ப எங்க இருக்காங்க?"

டியூபைத் தண்ணீரில் அமுக்கி, வராத குமிழியை அண்ணன் தேடினார். "வேலைக்குப் போயிருக்கா. வேற ஊரு. போன வாரம் போன மாதிரிதான் இருக்கு."

"போன வாரமா?"

"எட்டு மாசம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அவர் இந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டார். அந்த விதியைச் சொல்லும்போது கணக்கெடுப்பவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

"அவ கட்டில் இங்கதானே இருக்கு?" என்றார் அண்ணன்.

உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. நாற்காலி, பெட்டி, ஜன்னல் விளிம்பு எங்கும் தைக்க வந்த துணி குவிந்து கிடந்தது. கட்டிலில் மட்டும் ஒரு நூல்கூட இல்லை.

"போன தடவை கணக்கெடுத்தப்ப உங்க ஆபீஸ் வாசல்ல ஊர் வரைபடம் ஒண்ணு ஒட்டியிருந்தீங்க மேடம்" என்று அவரே தொடர்ந்தார். " பட்டம் வாங்கின வீடு இருக்கற தெருவுக்கெல்லாம் பச்சைப் புள்ளி. எங்க தெரு மொட்டையா இருந்துச்சு. இந்தத் தடவை அந்தப் புள்ளி எங்க வீட்டாலதான் வரப்போவுதுன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்."

கணக்கெடுப்பவள் 29ஐக் கோடு போட்டு அடித்தாள். "இங்க இருக்கறவங்கள்ல யாரு அதிகமோ அதைத்தான் எழுத முடியும்ணா. எட்டு."

"எட்டு யாரு?" என்றாள் தங்கை.

"நீங்கதான்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அடேங்கப்பா! வீட்டுலயே பெரிய படிப்பாளி! இனிமே உன்னை வாங்க போங்கன்னுல்ல கூப்பிடணும்!"

தங்கையும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மிஷினை மிதித்துக்கொண்டிருந்த காலும் நின்றது. எழுந்து வந்து, கணக்கெடுப்பவளின் பேனா முனைக்குக் கீழே, இன்னும் எட்டு விழாத கட்டத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் தோளில் கிடந்த அளவு நாடா படிவத்தின் மேல் சரிந்தது.

"நான் நின்னதே அந்த இடத்துல அவ உக்காரணும்னுதான் மேடம்." குரலில் கேலி எல்லாம் போயிருந்தது. "அவ அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து நான் ஏறி உக்காந்த மாதிரி ஆயிடும்."

அண்ணன் டியூபைக் கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலேகால்; கணக்கை மூட இன்னும் முக்கால் மணி நேரம்.

"ஞாயித்துக்கிழமை போன்ல பேசுவா. இந்த வீட்டுக் கணக்குல அவ இல்லன்னு நானே அவகிட்ட பக்குவமா சொல்லிக்கறேன்" என்றாள் தங்கை. "அதுவரைக்கும் அந்தக் கட்டத்தை மட்டும் காலியா விட்டு வைக்கிறீங்களா?"