எட்டாவது பிள்ளை

"நாலு பிள்ளைதான் வந்திருக்கு. அடுத்த மாதம் வாங்கோ," என்று சொல்லி, கிளினிக் நேர்ஸ் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

ஸல்ஹா கதிரையை விட்டு எழும்பவில்லை. அவள் மடியில் பதினொரு மாத அஸ்மியா கிளினிக் அட்டையின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதத்தில் போட்டிருக்க வேண்டிய சின்னமுத்து என்கிற தட்டம்மைத் தடுப்பூசி இன்னும் போட்டபாடில்லை. முதல் தடவை வந்தபோது மூன்று பிள்ளைகள். போன மாதம் ஐந்து. இன்று நான்கு. ஒரு போத்தல் மருந்து பத்துப் பிள்ளைகளுக்குக் காணும். கலக்கிவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்கு. எட்டுப் பிள்ளைகளாவது சேராமல் போத்தலைத் திறப்பதில்லை என்பது இந்தக் கிளினிக்கில் வழக்கமாகிவிட்டது.

பின் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகள் சின்னமுத்து வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதில் ஒன்றுக்கு ஒட்சிசன் வைத்திருந்தது. நேற்றிரவு அஸ்மியா ஒரு தடவை தும்மியதற்கே ஸல்ஹா விளக்கைப் போட்டு அவள் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"மிஸ், போன மாசம் வந்த அஞ்சு பேரில என்னை விட்டா ஒருத்தரும் இண்டைக்கு இல்ல. திருப்பித் திருப்பி அனுப்பினா ஆர் வருவாங்க? மறுகா ஆள் காணாதெண்டு நீங்களே சொல்றீங்க."

"அப்ப நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன். பன்னிரண்டு மணி மட்டும் இஞ்சதான் இருப்பன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸல்ஹா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்தாக இன்னும் ஐந்து நிமிடம்.

"இன்னும் நாலு பேர். அவ்வளவுதானே? இந்த மூண்டு தாய்மாரையும் போக விட்றாதீங்க."

வெளியே வந்து கணவனுக்குக் கோல் எடுத்தாள். றுவைஸ் இறங்குதுறைப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன்.

"மிஸ்மாரோட கொழுவாத புள்ள. நாளைக்கும் அவங்களிட்டத்தான் போகணும்," என்றான்.

"நான் கொழுவல்ல. ஆள் சேக்கிறன். ஓட்டோவைக் கொண்டு வாங்க."

"எனக்கு ஒரு ஹயர் இருக்கு..."

"மச்சான்."

அந்தக் குரல் றுவைஸுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன், வாப்பா பேசி வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவனுக்குக் கோல் எடுத்தபோதும் இதே குரல்தான். பத்து நிமிடத்தில் ஓட்டோ வந்து நின்றது.

முன்பு கிளினிக்கில் கண்ட தாய்மாரின் வீடுகளைத் தேடிப் போனார்கள். முதல் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றாவது வீட்டில் நபீஸா குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ரெண்டு தரம் போய் வந்தனான். பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெயிலுக்குள்ள நடந்து போய், சும்மா திரும்பி வந்த. இனி ஏலாது."

"இண்டைக்கும் சும்மா திரும்பினா என்ட வாசல்ல வந்து நிண்டு ஏசுங்க."

"ஏசத்தான் செய்வன்," என்றபடி நபீஸா அடுப்பை அணைக்கப் போனாள்.

அடுத்த இரண்டு தாய்மார் அவ்வளவு கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைகளின் கதை அவர்களுக்கும் தெரியும். பதினொன்றரைக்கும் ஒரு பிள்ளை குறைந்தது. அப்போது றுவைஸ்தான் சொன்னான்: "படகு திருத்திற இடத்தில வேலை செய்யிற, சம்பூர்ல இருந்து வந்த ஒரு பொடியன் இருக்கான். வாடகை அறையிலதான் இருக்காங்க. கைப்பிள்ளை ஒண்டு இருக்கு."

அந்தப் பிள்ளையின் தாய் கமலேஸ்வரி அட்டையை எடுத்துக்கொண்டு வந்து தயங்கினாள். "அக்கா, இது சம்பூர்க் கிளினிக் அட்டை. இஞ்ச எடுக்கமாட்டினம் எண்டுதான் நான் போகேல்ல."

"வாங்க பாப்பம்."

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்க, ஓட்டோவிலிருந்து ஸல்ஹாவுக்குப் பின்னால் நான்கு தாய்மாரும் நான்கு பிள்ளைகளும் கிளினிக் வாசலில் இறங்கினார்கள். நேர்ஸ் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். எட்டாவது அட்டையில் கை நின்றது.

"இது எங்கட பிரிவில்ல. இவ சம்பூருக்குத்தான் போகவேணும். சரி, ஏழெண்டாலும் பரவாயில்ல, மற்றவைக்குத் திறக்கிறன். ஸல்ஹா, உங்கட பிள்ளையை முதல்ல கொண்டு வாங்கோ."

இரண்டு மாதமாகக் கேட்டு அலைந்த ஊசி ஒரு கை தூரத்தில் இருந்தது. றுவைஸ் கண்ணால் போ என்றான். ஸல்ஹா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

"முதல்ல அந்தப் பிள்ளைக்குப் போடுங்க. மறுகா என்ட மகளுக்கு. சம்பூர் எண்டு எழுதியிருக்கிறதைப் பாத்துச் சின்னமுத்து விலகிப் போகுமா மிஸ்?"

"உங்கட பிள்ளைக்குப் போடாம விடப்போறீங்களோ?"

"போடாமப் போகமாட்டன். அந்தப் பிள்ளையை விட்டுட்டும் போகமாட்டன்."

"நானும்தான்," என்று நபீஸா தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஸல்ஹாவுக்குப் பின்னால் போனாள். "அடுப்பை அணைச்சிட்டு வந்த நான்."

சத்தம் கேட்டு, கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் கீர்த்தனி உள்ளறையிலிருந்து வந்தார். வேலைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாதவர். அட்டைகளையும் தாய்மாரையும் பார்த்தார்.

"எந்தப் பிரிவெண்டாலும் பிள்ளை பிள்ளைதான் சிஸ்டர். திறவுங்கோ."

நேர்ஸின் குரல் இறங்கியது. "போன வருசம் ஆறு டோஸ் எறிஞ்சதுக்கு என்னட்டத்தான் விளக்கம் கேட்டவை டொக்டர். நீங்கள் அப்ப இல்ல."

"இனி என்னட்டக் கேக்கட்டும். ஒரு பிள்ளை வந்தாலும் திறக்கவேணும் எண்டு மேலுக்கு ரெண்டு கடிதம் போட்டிட்டன். பதில் இல்ல."

"தாய்மார் எழுதினாப் பதில் வருமா டொக்டர்?" என்றாள் ஸல்ஹா. "தாளைத் தாங்க. முதல் கையெழுத்து நான் வைக்கிறன்."

கமலேஸ்வரியின் மகன் முதலில் வீரிட்டான். அஸ்மியா கடைசி. நேர்ஸ் ஊசியை மெல்லத்தான் ஏற்றினார். பஞ்சை வைத்து அழுத்தும்போது பிள்ளையின் கன்னத்தையும் தட்டினார். ஸல்ஹா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். றுவைஸ் அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு பேருக்கு மருந்து இருக்கு," என்றார் நேர்ஸ், போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து.

"எத்தின மணி மட்டும் வச்சிருக்கலாம்?"

"ஆறு மணி மட்டும் பழுதாகாது. ஆனா கிளினிக் பன்னிரண்டோட முடியுது."

"நான் நாலு மணி மட்டும் இருப்பன்," என்றார் டொக்டர் கீர்த்தனி.

றுவைஸ் பெருமூச்சு விட்டான். அழுது களைத்த மகளைத் தோளில் போட்டபடி ஓட்டோவை நோக்கி நடந்தான்.

"ஏறு புள்ள. அந்தப் பூட்டியிருந்த வீட்டைத் திரும்பப் பாப்பம்."