முன் டயர்கள் இரண்டு

ராணுவ ஏலத்தில் எடுத்த லாரி வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து பெரியவளின் கொழுந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருடம் வேலையில்லாமல், சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி தலையைக் குனிந்து சாப்பிட்டு எழுந்து போனவன். இப்போது காலையில் பல் துலக்குவதே வண்டியைச் சுற்றி நடந்துகொண்டுதான். மலைப்பக்கம் சாலை போடும் கம்பெனி ஒன்று ஜல்லி உடைக்கும் எந்திரத்தை ஏற்றி வரச் சொல்லியிருந்தது. ஆயிரத்து நூறு கிலோமீட்டர். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தால் வண்டிக்கும் அவனுக்கும் அங்கேயே ஒரு வருடத்துக்கு வேலை.

வியாழன் காலை கிளம்ப வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அண்ணியிடம் வந்து நின்றான்.

"அண்ணி, ஒரு தடவ டயரப் பாத்துச் சொல்லிடுங்க. உங்க வாயால சரின்னு வந்துட்டா எனக்கு நிம்மதி."

அந்த வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். அவன் மனைவி சின்னவள். புருஷன் போன பிறகும் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தரும் கம்பெனியில் பத்தொன்பது வருடம் செக்கிங்கில் இருந்தவள். விளக்கை உள்ளே விட்டு, வெறுங்கையால் சுற்றிலும் தடவி, தேறும் தேறாது என்று முத்திரை குத்துவது வேலை. அவள் கை நின்ற இடத்தில் கோளாறு இருக்கும் என்று மேனேஜரே சொல்லுவார்.

ஒரு நாள் பஸ் ஒன்றின் முன் டயர் வெடித்து நாலு பேர் செத்தார்கள். கிழிந்த டயரில் அவள் முத்திரை எண் இருந்தது. விசாரணை வைத்தார்கள். ஆள் அளவுக்கு மீறி ஏற்றியதுதான் காரணம், செக்கிங்கில் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஆறு வருடமாகிறது. அதன் பிறகு எந்த டயரிலும் கை வைத்ததில்லை.

"வேற யாரையாவது கேளேன், தம்பி."

"வேற யாரு இருக்கா எனக்கு?"

அவள் சேலையைச் செருகிக்கொண்டு போனாள். முன்னால் இரண்டு, பின்னால் நாலு. டயரின் மேல் கட்டை கட்டையாக நிற்கும் பட்டன்களுக்கு நடுவே விரல் நுனி முழுசாக உள்ளே போனது. அவன் முகம் மலர்ந்தது.

"பட்டனப் பாருங்க அண்ணி. நேத்து கடையில வாங்கின மாதிரி இல்ல?"

"பட்டன் தேயணும்னா வண்டி ஓடணும். இது ஓடவே இல்ல தம்பி. கொட்டகையில நின்னுக்கிட்டே கெழடாயிடுச்சு."

டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்துப் படித்தாள். பதினெட்டு வருடம். ஆறுக்கும் அதே வயசு, ஸ்டெப்னிக்கும். ரிம்மை ஒட்டி மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. நகத்தை வைத்தால் நகம் நின்றது. வண்டிக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்து போய், பின்பக்கத்து உள் டயர்களையும் தடவிப் பார்த்தாள். ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்தபோது முதுகெல்லாம் மண்.

"பின்னால நாலும் சுமாரு. ஒண்ணு போனாலும் பக்கத்துல இருக்கறது தாங்கும். முன்னால ரெண்டும் கூடாது. எந்திரத்த ஏத்திக்கிட்டு மலை இறங்கும்போது முன்னால வெடிச்சா, ஸ்டியரிங் உன் பேச்சக் கேக்காது."

"இந்த சைஸ் இங்க கெடைக்காது அண்ணி. சொல்லி வச்சா வர அஞ்சு நாளாகும். அங்க வேற வண்டி ஒண்ணு தயாரா நிக்குது."

"நீ கேட்ட, நான் சொல்லிட்டேன்."

அவன் பானெட்டைத் தடவினான். "கேக்காத மாதிரி வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சமையலறையில் சின்னவள் முதுகைக் காட்டியபடி பேசினாள். "ரெண்டு வருஷம் கழிச்சு நேத்துதான் அவரு பிள்ளைங்ககிட்ட சிரிச்சுப் பேசினாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"பாத்துத்தான் சொன்னேன்."

"அந்த பஸ் போனதுலேருந்து உங்களுக்கு எல்லா டயரும் வெடிக்கிற டயர்தான்."

சின்னவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் வாய் தவறியது. ஆனாலும் பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது, உண்மையாக இருக்குமோ என்பதால்.

வியாழன் காலை அவன் குளிக்கப் போனான். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் தன் பெட்டியின் அடியிலிருந்து கம்பெனிக் கத்தியை எடுத்தாள். ஒரு குவளையில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டாள். உலர்ந்த கத்தி ரப்பரில் ஓடாது.

முதலில் இடது டயர். வால்வு பின்னை மெல்லத் திருகினாள். காற்று சீறி, விரல்கள் சில்லிட்டன. வண்டி அந்தப் பக்கமாக மெதுவாகச் சரிந்தது. பிறகு கத்தியை நனைத்துப் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்தாள். கத்தி காய்ந்த ரொட்டியில் போவதுபோல் போனது. வெட்டுவாயிலிருந்து ரப்பர் தூளாக உதிர்ந்தது. உள்ளே இருந்த நைலான் நூல் தொட்டதும் இற்றது. அவளுக்கு மூச்சு வந்தது. தப்பில்லை, நான் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில் வலது பக்கம் போனாள். காற்றை இறக்கிக் கத்தியை வைத்தாள். போகவில்லை. மறுபடி நனைத்து, முழங்காலை ஊன்றி அழுத்தினாள். பாதி ஆழத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெடிப்பெல்லாம் மேல்தோலோடு நின்றிருந்தது. உள்ளே ரப்பர் கன்னங்கரேலென்று, ஈரப்பசையோடு, உயிராக இருந்தது. கத்தியை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தாலும் வெட்டிய டயர் வெட்டிய டயர்தான். முழுசாக இழுத்து முடித்தாள்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். முன்பக்கம் மண்டியிட்டு நின்ற வண்டியைப் பார்த்தான். அவள் கையில் இருந்த கத்தியையும் பார்த்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று பின்னாளில் பலமுறை அவள் நினைத்ததுண்டு.

"இதப் பாரு," என்று இடது டயரில் உதிர்ந்த தூளை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினாள். "இத நம்பியா போகப் போற?"

அவன் அதைப் பார்த்தான். "அது?" என்று வலது பக்கத்தைத் தலையால் காட்டினான்.

"அதுவும் இப்படித்தான்."

அவன் போய்க் குந்தி உட்கார்ந்து வெட்டுக்குள் விரலை விட்டான். இருபது வருடம் வண்டி ஓட்டியவனுக்கு நல்ல ரப்பர் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அந்த பஸ்ல செய்யாம விட்டத என் வண்டியில செஞ்சு தீத்துக்கிட்டீங்க அண்ணி."

அவ்வளவுதான். சின்னவளிடம் போய், "கட்டினத அவுத்துடு, பயணம் இல்ல," என்றான். வலது டயரைப் பற்றி அவளிடமோ வேறு யாரிடமோ அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை மற்ற வண்டிக்குப் போனது. ஒரு மாதம் கழித்து அவன் தூரத்து நகரம் ஒன்றில் ஒரு ஆபீஸ் காருக்கு டிரைவராகச் சேர்ந்தான். வாரம் ஒருமுறை போன் வரும். மனைவியோடு பேசுவான், பிள்ளைகளோடு பேசுவான். "பெரியம்மாகிட்ட குடுக்கட்டுமா?" என்று மூத்த பெண் கேட்கும்போதெல்லாம் அவனை அங்கே யாரோ கூப்பிடுவார்கள்.

லாரி மூன்று மாதம் அதே இடத்தில் கிடந்தது. விறகு வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டார். முன்னால் மாட்டப் புது டயர் இரண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பெரியவள் வெளியே வந்து, "பின்னால நாலையும் மாத்திடுங்கய்யா. எல்லாம் பதினெட்டு வருஷத்து டயரு," என்றாள்.

"பட்டன் அப்படியே இருக்கேம்மா," என்று அவர் சிரித்தார். "இதப் போயி மாத்தச் சொல்றீங்களே?"

எந்தெந்த டயரில் எந்த இடத்தில் வெடிப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லிய பின் அவர் அப்படியா என்று கேட்டால், நிச்சயமாகவா என்று கேட்டால், என்ன பதில் சொல்வது? ஆறு வருடத்துக்கு முன்பு தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பும் தெரியவில்லை.

"மெதுவா போங்க," என்று மட்டும் சொன்னாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. அந்தச் சத்தம் முழுக்கத் தேய்கிறவரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தாள். பின்கட்டில் சின்னவள் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய போர்வை ஒன்றைத் தனியாக மடிக்க முடியாமல் ஒரு முனையை நீட்டினாள். பெரியவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் இழுத்து உதறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நாலாக மடித்தார்கள். அடுத்த போர்வையையும் சின்னவள் நீட்டினாள்.